அந்துப்பூச்சியின் நாக்கு, ஆட்டின் பல்

தென்கிழக்கு ஸ்பெயினில் காசோர்லா என்றொரு மலைத்தொடர். ஆந்தலூசியாவின் பெரிய நதியான குவாதல்கிவீர் பிறக்கும் இடம். வெள்ளையும் சாம்பலுமாகச் சுண்ணாம்புக்கல், டோலமைட் பாறைகள். குளிர்காலத்தில் பனி விழும்; கோடையில் மாதக்கணக்கில் ஒரு சொட்டு மழை இருக்காது. மண் என்று சொல்லிக்கொள்ளப் பல இடங்களில் எதுவுமே கிடையாது. அந்தப் பாறை வெடிப்புக்குள் வேரை இறக்கிக்கொண்டு, ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாத ஒரு செடி மே மாதவாக்கில் பூக்கிறது.

அடிப்பாகம் கட்டையாக இறுகியிருக்கும். இலைகள் மிகக் குறுகலானவை. இலையடிச் செதில்களும் இலை மாதிரியே நீண்டு பிளவுபட்டு நிற்பதால், ஒரே கணுவில் நாலைந்து இலைகள் கொத்தாக முளைத்திருப்பதாகத் தோன்றும். நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ. நிறம் ரோஜாவுக்கும் ஊதாவுக்கும் இடைப்பட்டது. முன்னால் நின்று பார்த்தால் அழகான சின்னப் பூ, அவ்வளவுதான். பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் கண் நிற்கிறது. பூவின் முதுகிலிருந்து மெல்லிய குழல் ஒன்று, லேசாக வளைந்து, பின்னோக்கி நீள்கிறது. நீளம் 2 முதல் 3 சென்டிமீட்டர். பூவின் முகத்தைவிட வால் பெரிது. அந்த வாலின் கோடியில்தான் தேன்.

இது காசோர்லா வயலட். தாவரவியல் பெயர் வியோலா காசோர்லென்சிஸ். உலகத்தில் வேறெங்கும் இல்லை. இந்த மலைத்தொடரிலும், பக்கத்தில் உள்ள செகூரா, மாகினா போன்ற சில மலைகளிலும் மட்டும்தான். இத்தனை சின்ன இடத்தில் வாழும் ஒரு செடியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பூக்களின் வடிவத்தைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் கதையை, அதாவது பூச்சிக்கேற்ற பூ, பூவுக்கேற்ற பூச்சி என்ற கதையை, இந்தச் செடியளவுக்குப் பொறுமையாக உரசிப் பார்க்க இடம் கொடுத்த செடிகள் அதிகமில்லை. உரசியபோது கதை பொய்யாகவில்லை. ஆனால் அதன் எடை வெகுவாகக் குறைந்துவிட்டது.

வயலட் என்றதும் நமக்கு நிறம்தான் ஞாபகம் வரும், செடி வராது. ஆனால் அந்தக் குடும்பம் நமக்குப் புதிதல்ல. நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஓரிதழ்த்தாமரை வயலட் குடும்பத்துச் செடிதான். வயல் வரப்பில் தரையோடு வளரும் அந்தச் செடியின் பூவில், மற்ற இதழ்கள் ஒடுங்கியிருக்க, கீழிதழ் ஒன்று மட்டும் அகலமாக விரிந்து நிற்பதைப் பார்த்தால் உறவுமுறை தெரிந்துவிடும். அசல் வயலட்டே வேண்டுமென்றால் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போக வேண்டும். சோலைக்காட்டு ஓரங்களில் இதய வடிவ இலையோடு படரும் வியோலா பைலோசா, புல்வெளிகளில் ஒடுங்கிய இலையோடு நிற்கும் வியோலா பெட்டோனிசிஃபோலியா என்று நம் மலைகளிலும் சில இனங்கள் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஃபைசன், நூறாண்டுகளுக்கு முன் நீலகிரி, பழனி மலைத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில் வயலட்டுகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்.

வியோலா பேரினத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஐரோப்பியத் தோட்டங்களின் செல்லப்பிள்ளை என்பதால் இது ஐரோப்பியச் சரக்கு என்று நினைப்போம். மரபணுச் சான்றுகள் வேறு மாதிரி சொல்கின்றன. இந்தப் பேரினத்தின் பிறந்த வீடு தென் அமெரிக்கா. இன்றும் ஆண்டிஸ் மலைச் சரிவுகளில், எரிமலைச் சரளைக்கு நடுவே, நாம் வயலட் என்று ஒப்புக்கொள்ளவே தயங்கும் வடிவங்களில் பழைய கிளை ஒன்று வாழ்கிறது. அங்கிருந்து வடக்கே பரவி, வடகோளத்தின் குளிர்ப் பிரதேசங்களிலும் வெப்பமண்டலத்தின் உயரமான மலைகளிலும் குடியேறியது. மலை என்றால் வயலட்டுக்குப் பிடிக்கும். குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களில் பெரும்பாலானவை வெப்பமண்டலக் காட்டு மரங்களும் புதர்களும் என்பதை வைத்துப் பார்த்தால், வியோலாதான் வீட்டை விட்டு ஓடிப்போய்ப் பிழைத்துக்கொண்ட பிள்ளை.

எந்த வயலட் பூவைப் பிரித்தாலும் உள்ளே ஒரே ஏற்பாடு. ஐந்து இதழ்கள், மேலே இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கீழே ஒன்று. கீழிதழ்தான் பூச்சி வந்து இறங்கும் திண்ணை. அதன் பின்புறம் நீண்டு குழலாகிறது. நடுவில் ஐந்து மகரந்தப்பைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு சூலகத்தைச் சுற்றிக் கூம்பாக நிற்கின்றன. இவற்றில் கீழே உள்ள இரண்டுக்கு மட்டும் பின்பக்கம் வால் மாதிரி ஒரு நீட்சி உண்டு. அது குழலுக்குள் இறங்கித் தேனைச் சுரக்கிறது. வயலட்டின் மகரந்தம் பெரும்பாலும் உலர்ந்த பொடி. முதிர்ந்ததும் அது கூம்புக்குள்ளேயே கொட்டிக் கிடக்கும். பூச்சி தேனுக்காக நாக்கை நுழைக்கும்போது முதலில் சூல்முடியில் உரசுகிறது. முந்தைய பூவிலிருந்து கொண்டுவந்த மகரந்தம் அங்கே இறங்குகிறது. இன்னும் உள்ளே அழுத்தும்போது கூம்பு நெகிழ்ந்து புதுப் பொடி அதன் மேல் கொட்டுகிறது. இறக்குமதி முடிந்த பிறகுதான் ஏற்றுமதி. இந்த வரிசை மாறினால் பூ தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்ளும்.

பூச்சியே வராவிட்டால்? பல வயலட் இனங்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கின்றன. வசந்தத்தில் அழகாகப் பூத்து ஓய்ந்த பிறகு, இலைகளுக்கு அடியில் கண்ணில் படாத சின்ன மொட்டுகளை விடும். அவை ஒருநாளும் விரியாது. நிறமில்லை, மணமில்லை, தேனில்லை. மூடிய மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தால் தானே கருவுற்று, காயாகி, விதையும் கொடுத்துவிடும். 1877இல் டார்வின் ஒரே இனத்துச் செடியில் காணப்படும் வெவ்வேறு வகைப் பூக்களைப் பற்றித் தனி நூலே எழுதியபோது, வயலட்டின் இந்த மூடிய பூக்களையும் எடுத்துப் பேசினார். விரிந்த பூ ஊருக்கு, மூடிய பூ வீட்டுக்கு.

காசோர்லா வயலட் அந்த வழியை வைத்துக்கொள்ளவில்லை. அதில் மூடிய பூக்கள் கிடையாது. விரியும் பூவுக்கு யாராவது வந்தாக வேண்டும். வருகிறவருக்கோ நாக்கு இரண்டரை சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சாதாரணமாக வயலட்டைத் தேடி வரும் தேனீக்களுக்கு இந்த வாலின் கோடி எட்டாது. ஐரோப்பாவின் மற்ற வயலட்டுகள் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் நீளக் குழலோடு காலம் தள்ளும்போது, இது மட்டும் ஏன் இப்படி ஒரு பந்தயத்தில் இறங்கியது?

இது மட்டும் என்று சொன்னது சரியில்லை. இன்னும் இரண்டு உண்டு. வியோலா டெல்ஃபினாந்தா கிரேக்கத்தின் ஒலிம்பஸ், ஆதோஸ் மலைகளிலும் பல்கேரிய எல்லையை ஒட்டிய மலையிலும் வளர்கிறது. வியோலா கோசானினி அல்பேனியா, வட மாசிடோனியா பக்கம். இரண்டும் சுண்ணாம்புப் பாறை வெடிப்பில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் அதே குறுகிய இலை, அதே ரோஜா நிறம், அதே நீண்ட வால். மூன்றையும் ஒரே பிரிவில் வைத்திருக்கிறார்கள் தாவரவியலாளர்கள். காசோர்லாவுக்கும் ஒலிம்பஸுக்கும் நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டர் இருக்கிறது, இடையில் கடலும் இத்தாலியும். வழியில் எங்கும் இந்தப் பிரிவைச் சேர்ந்த ஒரு செடிகூட இல்லை. ஒரு காலத்தில் மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பரவலாக இருந்த பரம்பரை, தட்பவெப்பம் மாறி மாறி அடித்ததில் நடுவில் அழிந்து, இரண்டு முனைகளில் மட்டும் பாறையைப் பிடித்துக்கொண்டு மிஞ்சியிருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். எச்ச இனம் என்பார்கள் இதை.

காசோர்லா வயலட்டுக்குப் பெயர் வைத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. மிஷேல் காந்தோழே, பிரெஞ்சுப் பாதிரியார், தீராத தாவர வேட்டைக்காரர். இதழில் ஒரு மயிர் கூடினாலும் குறைந்தாலும் புது இனம் என்று பெயர் சூட்டிவிடுவார். ஐரோப்பியத் தாவரங்களைப் பற்றி 27 தொகுதிகள் எழுதி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை உலகுக்கு வழங்கினார். தாவரவியல் உலகம் அவற்றை ஏறக்குறைய மொத்தமாகக் குப்பையில் போட்டது. அந்த மனிதர் 1902இல் வைத்த வியோலா காசோர்லென்சிஸ் என்ற பெயர் மட்டும் யாரும் அசைக்க முடியாதபடி நின்றுவிட்டது. இவ்வளவு வித்தியாசமான செடியைப் பார்த்தால் அவரால்கூடத் தப்பு செய்ய முடியவில்லை.

வாலுக்கு வருவோம். மே மாத வெயிலில் இந்தப் பூவைத் தேடி வருவது பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த மேக்ரோக்ளாசம் ஸ்டெல்லாட்டாரம். அமெரிக்காவின் ஹம்மிங்பேர்டு பறவையைப் போல அந்தரத்தில் நின்றே தேன் குடிப்பதால் ஆங்கிலேயர் அந்தப் பறவையின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். அந்துப்பூச்சி என்றால் இரவில் விளக்கைச் சுற்றும் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். இது பட்டப்பகலில் பறப்பது. விரித்த இறகு நாலரை சென்டிமீட்டருக்குள்தான். வினாடிக்கு எழுபது எண்பது தடவை அடிக்கும் இறகு கண்ணுக்கு ஒரு மங்கலாக மட்டும் தெரியும். நாக்கு கொசுவத்திச் சுருள் மாதிரி முகத்துக்குக் கீழே சுருண்டிருக்கும். பூவின் எதிரே வந்ததும் விரித்து நீட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாது. வயலட்டின் வாலும் அந்துப்பூச்சியின் நாக்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

அந்த நாக்கை அது எப்படிக் குறிபார்த்துச் செலுத்துகிறது என்பது தனி ஆச்சரியம். காற்றில் ஆடும் பூ, காற்றில் ஆடும் பூச்சி, உடம்பு நீளத்துக்கு ஒரு நாக்கு; இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒரு சின்ன வாயைத் துழாவிக் கண்டுபிடிக்க வேண்டும். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் காட்டியது இது: நாக்கு நீண்ட பிறகும் பூச்சி கண்ணால் பார்த்துப் பார்த்து அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. நாம் ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டும்போது கண் கையைத் தொடர்ந்து வழிநடத்துவதுபோல. பூச்சியின் கடுகளவு மூளைக்கு இது சின்ன வேலையல்ல. இதே பூச்சியின் நிறப் பார்வையை நெடுங்காலம் ஆராய்ந்தவர் அல்மூட் கெல்பர். பூவையே பார்த்திராத புதுப் பூச்சிகள்கூட நீலத்தை நோக்கிப் போகின்றன என்றும், தேன் கிடைக்கும் நிறத்தைச் சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன என்றும் அவர் ஆய்வுகள் சொல்கின்றன.

இந்த உறவில் ஒரு சமமின்மை உண்டு. பூச்சிக்கு இந்த வயலட் தேவையே இல்லை. போர்ச்சுகலிலிருந்து ஜப்பான் வரை பறக்கும் பூச்சி அது. கோடையில் ஐரோப்பாவின் வடகோடி வரை வலசை போகும். லாவெண்டரிலும் குடிக்கும், ஜன்னலோரத் தொட்டிச்செடியிலும் குடிக்கும். அதன் புழு தின்பது கேலியம் என்ற வேறொரு செடி. காசோர்லா வயலட் நாளைக்கே மறைந்துபோனாலும் அதன் ஒரு வேளைச் சாப்பாடு கெடாது. வயலட்டுக்கோ ஏறக்குறைய இந்த ஒரே பூச்சிதான் கதி. நீண்ட குழல் பூக்களைப் பற்றிப் பேசும்போது இருவரும் கைகோத்து வளர்ந்த ஜோடி என்று எழுதுவது ஒரு பழக்கம். இங்கே ஒருத்தி மட்டும்தான் காத்திருக்கிறாள், மற்றவர் ஊர்சுற்றி.

இந்த இடத்தில் டார்வினின் மடகாஸ்கர் ஆர்க்கிட்டைக் கூப்பிடுவது வழக்கம். ஒரு அடி நீளத் தேன்குழலைப் பார்த்துவிட்டு, அவ்வளவு நீள நாக்குள்ள அந்துப்பூச்சி இருந்தே தீரும் என்று 1862இல் அவர் எழுதியதும், 1903இல் அப்படிப்பட்ட பூச்சிக்கு விஞ்ஞானிகள் பெயர் சூட்டியதும் பாடப்புத்தகம் வரை வந்துவிட்ட கதை. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது 1988இல் ஸ்வீடனைச் சேர்ந்த நில்சன் செய்த எளிய சோதனை. ஸ்வீடனில் வளரும் ஒரு வெள்ளை ஆர்க்கிட்டின் நீண்ட தேன்குழலை நடுவில் இறுக்கிக் குறுக்கினார். குழல் குறுகிய பூக்களில் பூச்சி நாக்கை முழுக்க நுழைக்கும் அவசியமில்லாமலேயே தேன் குடித்துவிட்டுப் போனது. முகம் பூவில் அழுந்தவில்லை. மகரந்தம் சரியாக ஏறவில்லை, இறங்கவும் இல்லை. பூவின் கணக்கு இதுதான்: குழல் நாக்கைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் விருந்தாளி முகத்தைத் திணித்துக்கொண்டு குடிப்பார். அப்படியானால் நீள வால் உள்ள செடிக்குத்தான் காய் அதிகம். தலைமுறை தலைமுறையாக வால் வளரும். தருக்கம் கச்சிதம்.

கச்சிதமான தருக்கத்தைக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தவர் கார்லோஸ் எர்ரேரா. செவியா நகரில் உள்ள தோன்யானா உயிரியல் நிலையத்தின் ஆய்வாளர். 1980களின் கடைசியில் காசோர்லாவில் ஒரு வயலட் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, செடிக்குச் செடி அடையாளம் போட்டு வைத்துக்கொண்டார். ஒவ்வொரு செடியின் பூவிலும் இதழ் அளவு, வால் நீளம், காம்பு நீளம் ஆகியவற்றை அளந்தார். அதே செடி ஒவ்வொரு ஆண்டும் எத்தனை பூ பூத்தது, எத்தனை காய்த்தது, எத்தனையை விலங்குகள் மேய்ந்தன என்று எண்ணினார். செடி நிற்கும் இடத்தையும் குறித்தார். சில செங்குத்துப் பாறைமுகத்தில், சில வெறும் பாறைத்தளத்தில், சில பாறை உதிர்ந்து சேர்ந்த மணலில் நின்றன. கேட்பதற்குச் சாதாரண வேலை மாதிரி இருக்கும். அடையாளம் போட்ட அதே செடியை ஆண்டுதோறும் போய்ப் பார்ப்பது என்பது, ஒரே பருவத்தில் ஆயிரம் செடிகளை அளந்து கட்டுரை எழுதுவதைவிடக் கடினமானது. அதற்குப் பட்டமும் பதவி உயர்வும் காத்திருக்காது.

1993இல் அவர் வெளியிட்ட முடிவு கதைக்காரர்களுக்குக் கொஞ்சம் சங்கடமானது. பூவின் வடிவத்துக்கும் காய்ப்புக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் செடிக்குச் செடி காய்ப்பில் இருந்த வேறுபாட்டில் பூவின் வடிவத்தால் வந்த பங்கு மிகமிகச் சொற்பம். பெரும்பங்கை விளக்கியவை மூன்று விஷயங்கள்: செடி எந்தத் தரையில் நிற்கிறது, எவ்வளவு பெரிய செடி, எத்தனை பூக்களையும் பிஞ்சுகளையும் விலங்குகள் தின்றன. எந்த வயலட் பிள்ளை குட்டியோடு பெருகும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது அதன் வால் நீளம் இல்லை. விதை எங்கே விழுந்து முளைத்தது என்ற அதிர்ஷ்டமும் காட்டாட்டின் வாயும்தான்.

காசோர்லாவில் மேய்கிற கூட்டம் சாதாரணமானதல்ல. நம் வரையாட்டைப் போலவே பாறையில் ஏறுவதில் கெட்டிக்காரியான ஐபெக்ஸ் காட்டாடு, மான்கள், வளர்ப்புச் செம்மறிகள். பாறையில் மே மாதம் துளிர்க்கும் மென்மையான பூந்தண்டு அவற்றுக்கு விட்டுவைக்க முடியாத தீனி. ஒரே கடியில் அந்த ஆண்டின் பூ, பிஞ்சு, காய் எல்லாம் போய்விடும். வயலட்டின் முற்றிய காய் மூன்றாகப் பிளந்து, சுவர்கள் காய்ந்து சுருங்கும்போது விதைகளை நெருக்கித் தெறிக்கவிடும். பல இனங்களில் விதையில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சதையை எறும்பு இழுத்துப்போகும். இந்த அருமையான ஏற்பாடெல்லாம் காய் முற்றும் வரை ஆடு வராமல் இருந்தால்தான். அந்துப்பூச்சி தன் வேலையைப் பிசகில்லாமல் செய்துவிட்டுப் போன பூவும் ஆட்டு வயிற்றுக்குள் போனால் கணக்கில் வராது. அங்கே நாக்குக்கு ஏற்ற வாலும் ஒன்றுதான், ஏறுமாறான வாலும் ஒன்றுதான்.

இதைப் படிக்கிறவருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். பூவின் வடிவத்துக்கு இவ்வளவு அற்பப் பங்குதான் என்றால் இவ்வளவு நீள வால் எங்கிருந்து வந்தது? முதல் பதில் காலக்கணக்கு. இயற்கைத் தேர்வுக்கு அவசரமில்லை. ஒரு தலைமுறையில் கண்ணுக்கே தெரியாத சின்ன அனுகூலம், ஒரே திசையில் ஆயிரக்கணக்கான தலைமுறை தள்ளினால் குழல் நீண்டுவிடும். இரண்டாவது பதில் எர்ரேராவிடமிருந்தே வந்தது. அவரும் சக ஆய்வாளர் பிலார் பசாகாவும் 2008இல் ஒரு மலையை விட்டுப் பல மலைகளுக்குப் போனார்கள். வெவ்வேறு இடத்து வயலட் கூட்டங்களின் பூக்கள் ஒரே மாதிரி இல்லை. இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததா, தேர்வால் வந்ததா என்று மரபணுத் தடயங்களில் தேடினார்கள். பிரிந்து வாழும் கூட்டங்களுக்குள் தற்செயலாக ஏற்படும் வேறுபாடு மரபணுத் தொகுதி முழுதும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறியிருக்க வேண்டும். சில இடங்களில் மட்டும் அளவுக்கு மீறிய வேறுபாடு இருந்து, அது பூவின் வடிவத்தோடும் ஒத்துப்போனால், அங்கே தேர்வின் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படிச் சில இடங்கள் கிடைத்தன. ஒரே கூட்டத்துக்குள் ஆட்டின் பல்லால் மறைக்கப்பட்ட அந்துப்பூச்சியின் கை, கூட்டங்களை ஒப்பிட்டபோது தெரிந்தது.

மூன்றாவதாக இன்னொன்றும் சொல்லலாம். வால் நீளுவது செடிக்குப் பெரிய செலவில்லாத காரியம். அக்விலீஜியா என்ற மலைப்பூவில் நீண்ட தேன்குழல் உருவாகும் விதத்தை ஆராய்ந்தவர்கள், குழல் நீளத்தில் இனத்துக்கு இனம் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் செல்களின் எண்ணிக்கை இல்லை, ஒவ்வொரு செல்லும் எவ்வளவு இழுபட்டு நீள்கிறது என்பதே என்று கண்டார்கள். வயலட்டுக்கும் அக்விலீஜியாவுக்கும் நேரடி உறவு கிடையாது. இருந்தாலும், தேன்குழல் நீளம் எவ்வளவு எளிதாக மாறக்கூடிய ஒரு விஷயம் என்பதை அது காட்டுகிறது. பெரிய கட்டுமான வேலை எதுவும் தேவையில்லை. செல் நீளும் கட்டத்தைக் கொஞ்சம் நீட்டினால் போதும்.

எர்ரேரா செடிகளை விட்டுவிடவில்லை. இருபது ஆண்டுகளுக்கான மேய்ச்சல் கணக்கு அவர் கையில் சேர்ந்தது. அதில் ஒரு விசித்திரம். ஆடு கண்மூடித்தனமாக மேய்வதில்லை. சில செடிகள் ஆண்டுக்கு ஆண்டு கடிபடுகின்றன. சில செடிகளை இருபது ஆண்டுகளிலும் பெரும்பாலும் தொடவே இல்லை. செங்குத்துப் பாறையில் நிற்பதற்கு வாய் எட்டாது என்பது ஒரு காரணம். அது மட்டும்தானா? செடியின் உள்ளேயே ஏதாவது வித்தியாசம் உண்டா?

இங்கே எபிஜெனடிக்ஸ் நுழைகிறது. டிஎன்ஏவின் எழுத்துகள் மாறாமலேயே அவற்றின் மேல் ஒட்டும் சின்ன வேதிக்குறிகள் உண்டு. மெத்தில் என்ற சிறு அணுக்கூட்டம் சைட்டோசின் எழுத்தின் மேல் ஒட்டிக்கொண்டால் அந்தப் பகுதியின் செயல்பாடு அடங்கலாம், மாறலாம். பாலூட்டிகளில் இந்தக் குறிகள் அடுத்த தலைமுறைக்குப் போகும் முன் பெரும்பாலும் துடைக்கப்படும். தாவரங்களில் துடைப்பு அவ்வளவு சுத்தமில்லை, சில குறிகள் விதை வழியே பிள்ளைக்கும் போகும். வறட்சி, நோய், கடி போன்ற தொல்லைகள் இந்தக் குறிகளை மாற்றவும் கூடும்.

காட்டுச் செடியில் இதைப் பார்க்க ஒரு தந்திரம் இருக்கிறது. சிசிஜிஜி என்ற நான்கெழுத்து வரிசை எங்கே வந்தாலும் வெட்டும் இரண்டு நொதிகளை எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றுக்கு மெத்தில் குறி இடைஞ்சல், அங்கே வெட்டாது. இன்னொன்று அதே குறி இருந்தாலும் வெட்டிவிடும். ஒரே செடியின் டிஎன்ஏவைத் தனித்தனியாக இரண்டாலும் வெட்டி, கிடைக்கும் துண்டுகளின் நீளத்தை ஒப்பிட்டால், எங்கே குறி உண்டு, எங்கே இல்லை என்ற வரைபடம் கிடைத்துவிடும். முழு மரபணுத் தொகுதியைப் படிக்க வேண்டியதில்லை. மாதிரிச் செடியாகவோ பயிராகவோ இல்லாத, யாருக்கும் காசு தராத ஒரு மலைச்செடிக்கு இது பொருத்தமான முறை.

2010இல் எர்ரேராவும் பசாகாவும் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு மலைகளின் வயலட் கூட்டங்கள் மெத்தில் குறிகளிலும் வேறுபடுகின்றன என்றும், அந்த வேறுபாடு தேர்வின் கை பட்ட மரபணு வேறுபாட்டோடு சேர்ந்தே போகிறது என்றும் காட்டினார்கள். அடுத்த ஆண்டு வந்தது மேய்ச்சல் ஆய்வு. இருபது ஆண்டுகளாக அதிகம் கடிபட்ட செடிகளுக்கும் கடிபடாத செடிகளுக்கும் இடையே, நிற்கும் தரையில் மட்டும் அல்லாமல் மரபணுவிலும் மெத்தில் குறிகளிலும் வேறுபாடு தெரிந்தது.

செய்தித்தாள் தலைப்புக்கு இது போதும்: ஆடு கடித்த நினைவைச் செடி மரபணுவில் எழுதி வைக்கிறது என்று. அப்படிச் சொல்ல இந்த ஆய்வு இடம் தரவில்லை. தொடர்பு இருக்கிறது என்பது வேறு, காரணம் இது என்பது வேறு. மூன்று விதமாக நடந்திருக்கலாம். ஆண்டுதோறும் கடிபட்டதால் குறிகள் மாறியிருக்கலாம். அல்லது குறிகள் முதலிலேயே வேறாக இருந்து, அதனால் இலையின் சுவையோ மணமோ மாறி, ஆடு அந்தச் செடியைத் தேடி வந்திருக்கலாம். அல்லது மணலில் நிற்பதும் பாறையில் நிற்பதும் செடிக்குத் தரும் வெவ்வேறு தாகம் குறிகளையும் மாற்றி, ஆட்டுக்கும் வழி திறந்துவிட்டிருக்கலாம். அப்படியானால் குறிக்கும் கடிக்கும் பொதுக் காரணம் தரைதான். இவற்றைப் பிரித்தறிய ஒரே வழி, ஒரே செடியிலிருந்து பல நகல்களை எடுத்து, சிலவற்றைப் பாறையிலும் சிலவற்றை மணலிலும் நட்டு, பாதிக்கு வேலி போட்டு, பாதியை ஆட்டுக்கு விட்டுப் பார்ப்பது. பாறை வெடிப்பில் மட்டுமே பிடிவாதமாக வளரும், மெதுவாகப் பெருகும் ஓர் எச்ச இனத்தை வைத்துக்கொண்டு அந்தச் சோதனையைச் செய்ய யாருக்கும் எளிதில் துணிவு வராது.

நடைமுறையில் இந்த ஆய்வுகளின் பலன் ஒன்று உண்டு. அபூர்வப் பூ ஒன்று அருகிப்போனால் மகரந்தம் சுமக்கும் பூச்சி குறைந்துவிட்டதோ என்றுதான் முதலில் கவலைப்படுவோம். காசோர்லா வயலட்டின் கணக்கு வேறு இடத்தைக் காட்டுகிறது. அதன் பூச்சி கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும், கண்டதையும் குடிக்கும் பூச்சி. அதற்கு அவ்வளவு சுலபமாகப் பஞ்சம் வராது. மேய்கிற விலங்குகளின் எண்ணிக்கையோ நிலையானதல்ல. 1987இல் காசோர்லாவில் பரவிய சொறிநோய் ஐபெக்ஸ் ஆடுகளில் மிகப் பெரும்பகுதியைச் சில ஆண்டுகளில் அழித்தது; பிறகு எஞ்சியவை மெல்லப் பெருகத் தொடங்கின. காட்டாடு எத்தனை, செம்மறி எத்தனை, எந்தச் சரிவில் எந்த மாதம் மேய விடுவது என்பதெல்லாம் 1986 முதல் இயற்கைப் பூங்காவாக இருக்கும் அந்த மலையில் மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்கிற விஷயங்கள். மே மாதம் தொடங்கிக் காய் முற்றும் வரை மணற்சரிவுகளை மட்டும் மேய்ச்சலுக்கு மூடி வைத்தால் அங்கே நிற்கும் செடிகள் விதை கொடுத்துவிடும். செங்குத்துப் பாறையில் நிற்பவற்றுக்கு அந்த உதவியும் தேவைப்படாது.